ஜெரோம் புதைத்த வெள்ளி

முட்டம் கடற்கரை மணலில் கிடந்த பொன்னையும் வெள்ளியையும் உலோகம் தேடும் கருவிக்காரர்கள் எப்போதோ அள்ளிவிட்டார்கள். ஆனாலும் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பெனடிக்டா தன் பழைய கருவியோடு அங்கே வந்துவிடுவாள். ஒரு வெள்ளி மோதிரமோ கம்மலோ அவளுக்கு மட்டும் அகப்படும். "ஒனக்குக் கைராசி," என்று கணவர் ஜெரோம் சிரிப்பார்.

ஜெரோம் மாரடைப்பில் இறந்து நாற்பது நாள் கழிந்தபின், மகள் ஷைனி புதுக் கருவி வாங்கிவந்தாள். மண்ணுக்குள் கிடப்பதைக் கடைசியாகத் தொட்டது யார் என்பதையும் அது சொல்லும்.

பாறைப் பக்கம் கருவி ஒலித்தது. பெனடிக்டா தோண்டினாள். சின்ன வெள்ளி மோதிரம்.

"கடைசியாகத் தொட்டவர் ஜெரோம். மார்ச் ஒன்பது," என்றது கருவி.

"அப்பா போறதுக்கு மொத நாளு," என்றாள் ஷைனி. "இத்தன வருசமும் அப்பாதான் ஒனக்காகப் புதைச்சு வச்சிருக்காவ."

நாலடி தள்ளி மறுபடி ஒலித்தது. அதற்கும் ஜெரோமின் பெயர்தான். பெனடிக்டா மண்டியிட்டு அந்த மணலை உள்ளங்கையால் தடவினாள்.

"தோண்டட்டாம்மா?"

"வேண்டாம் மக்களே. அதையும் எடுத்துட்டா, பெறவு அவரு எனக்கு வச்சது ஒண்ணும் மிச்சமிருக்காது."

கருவியை அணைத்துவிட்டு, அலை வந்து காலை நனைக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.