பிரியந்தியை மாற்றும் பேச்சு

பார்க் எக்ஸ்டென்ஷன் விளையாட்டரங்கின் உயரமான ஜன்னல்கள் வழியே ஞாயிற்றுக்கிழமை வெயில் பலகைத் தரையில் விழுகிறது. தொடர்ந்து ஆறாவது கூடைப்பந்து ஆட்டத்திலும் தோற்ற பெண்கள் நீள மர வாங்கில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினான்கு வருடங்களாக அணியைத் தாங்கிவரும் பிரியந்தி, முப்பத்தொன்பது வயதுக்காரி, வீங்கிய முழங்காலில் ஐஸ் பையை அழுத்துகிறாள். “அவவைப் பியர்பொன்ட்ஸ் அணிக்குக் குடுத்தால் ரெண்டு இளம் பிள்ளையளைத் தருவினம்,” என்கிறான் பயிற்சியாளன் கீர்த்திகன், அவள் அங்கே இல்லாததுபோல. அணியில் அவளோடு ஆடும் தனுஷா பந்தைத் தரையில் ஓங்கி அடிக்கிறாள். அந்தச் சத்தம் சுவரெங்கும் மோதுகிறது. “இண்டைக்கு எடுத்த நாப்பது புள்ளியிலை இருபத்தாறு அவ எடுத்தது, அண்ணை! வெக்கமில்லையோ?” பிரியந்தி மெல்ல எழுந்து கீர்த்திகனுக்கு நேரே வந்து நிற்கிறாள். “ஆறு ஆட்டம் தோத்த பயிற்சியாளரையும் எடுப்பினமோ எண்டு கேட்டனீரோ, தம்பி?” வாங்கிலிருக்கும் எல்லோரும் அவன் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.