வீரம்மாவின் இடது காது

முரசுமோட்டையில் விஞ்ஞானத்தை நம்பிய ஒரே ஆள் நான்தான்.

மற்ற எல்லாரும் எங்கள் வீட்டுப் பூனையை நம்பினார்கள்.

அந்தப் பூனை அன்று பின்னேரம் என் முழங்கால்களுக்கு நடுவில், பழைய உரச் சாக்கில் கழுத்துவரை சுற்றப்பட்டு, காணி பறிக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கையில் மருந்துப் போத்தல். அதில் ஒரு பசுமாட்டின் படம்.

பூனையின் பெயர் வீரம்மா. கிபிர் விமானம் குண்டு போட வருகிறதென்றால் முதலில் ஓடுவது அதுதான்.

மனிதக் காதுக்கு ஒன்றும் எட்டாத நேரத்தில் அதன் காதுகள் நிமிரும். பிறகு முற்றத்தைக் குறுக்கறுத்துப் போய், நாங்கள் பதுங்கும் குழியான பங்கருக்குள் இறங்கிவிடும். அதன் பின்னால் அம்மா. அம்மாவின் பின்னால் தங்கச்சி யதுர்ஷிகா. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு நல்லதம்பி அண்ணை. எல்லாரும் குந்தியிருந்து மூச்சு வாங்கி முடிய, வானம் கிழியும்.

நான் மட்டும் முற்றத்தில் நின்று கேட்பேன்: "பூனை ஓடினால் பங்கர். நாய் ஓடினால் என்ன, பனையில ஏறுவியளோ?"

ஒலி செக்கனுக்கு முந்நூற்று நாற்பது மீற்றர் போகும். பூனைக்கென்று தனி ஒலி கிடையாது. கல்லூரியில் இதைப் பரிசோதனை செய்தே காட்டினார்கள். அதில் பூனை பயன்படுத்தப்படவில்லை.

சத்தம் என் காதிலேயே விழுந்த பிறகு, விஞ்ஞான முறைப்படி, நானும் இறங்குவேன்.

மாரி மழையோடு வீரம்மாவின் இடது காதில் சீழ் பிடித்தது. வயதான பூனை. காதுக்குள் கறுப்பு அழுக்கு, பழுதான கருவாட்டு மணம், எந்நேரமும் ஒரு பக்கம் சரிந்த தலை. உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டோம். உப்புத் தண்ணீரால் துடைத்தோம். நோய் மாறுவதுபோல் மாறும். மாறிவிட்டது என்று அம்மா வாய் திறந்து சொன்ன அன்றே திரும்ப வரும்.

வலிக்கும்போதெல்லாம் வீரம்மா தலையை உதறிக்கொண்டு ஓடியது. ஓடிய இடம் பங்கர். ஒரு பூனையின் காதுவலிக்காக எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தது. ஒரு பூனையின் காதுவலிக்காக நல்லதம்பி அண்ணை வேலியில் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக்கொண்டார்.

"பத்மாசனி அக்கா, உங்கட பூனைக்கு விசர். இனி நான் வரமாட்டன்" என்று அவர் அம்மாவிடம் சொல்லியும் விட்டார்.

அம்மாவின் கவலை வேறு. "சும்மா ஓடினால் ஓடட்டும். காது அடைச்சுப்போய், கிபிர்க்காரன் வரேக்க ஓடாட்டி?"

அதனால் மாட்டு வைத்தியரிடம் நான் அனுப்பப்பட்டேன். அவர் பூனையை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது எத்தனை லீற்றர் கறக்கும்?"

"கறக்காது டொக்டர். கிபிருக்கு முந்தி ஓடும்."

அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் முந்தி?" என்று கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து, மாடுகளுக்கென்று வைத்திருந்த கடைசிப் போத்தலை எடுத்துத் தந்தார்.

மருந்து விடும் பொறுப்பு எனக்கு. விஞ்ஞானம் தெரிந்தவன் என்பதால் அல்ல, கீறல் வாங்க வேறு ஆள் இல்லாததால்.

காலையில் அம்மா வீரம்மாவின் இடப்பக்கம் நின்று சட்டியில் கரண்டியால் தட்டுவார். நான் முன்னால் குந்தியிருந்து பார்க்கவேண்டும்.

"காது திரும்பினதோ தம்பி?"

"ஓம், திரும்பினது."

திரும்பியது ஒவ்வொரு முறையும் வலது காது.

அன்று போத்தலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினேன். ஈர்க்கில் சுற்றிய பஞ்சால் காதைத் துடைத்தேன். மருந்தை விட்டுக் காதடியைப் பிசைந்தேன். உள்ளே சளக்கென்றது.

வீரம்மா ஒரே உதறலில் சாக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து, பங்கருக்குள் போய்விட்டது.

குசினியிலிருந்து அம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

"மருந்தம்மா" என்றேன். "எரியுது, அதுதான் ஓடினது. மேல ஒண்டும் இல்லை."

மேலே உண்மையாகவே ஒன்றும் இல்லை. அந்த ஓட்டத்துக்கான காரணம் மூடி திறந்தபடி என் கையில் இருந்தது.

அம்மா பங்கர் வாசலில் நின்றார். உள்ளே போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. பூனையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நாய், பனைப் பகிடி என்னுடையதல்ல. அப்பாவுடையது. பூனைக்குப் பெயர் வைத்தவர் அவர். பங்கர் வெட்டியவர் அவர். சத்தம் கேட்ட பிறகு இறங்குவது என்ற முறையும் அவருடையதுதான். முந்தைய வருடம், வீரம்மா ஓடிய ஒரு மத்தியானம், இதே முற்றத்தில் முருங்கைக்குக் கீழே நின்று அந்தப் பகிடியைக் கடைசியாகச் சொன்னார்.

முற்றத்தில் இப்போது முருங்கை இல்லை.

நான் போத்தலின் மூடியைத் திருகினேன். சாரத்தை மடித்துக் கட்டினேன். குனிந்து உள்ளே இறங்கி, வீரம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். அம்மாவும் தங்கச்சியும் வந்தார்கள். சற்று நேரத்தில் வேலி முறியும் சத்தம். நல்லதம்பி அண்ணை உருண்டு விழுந்து, இளைத்து இளைத்துச் சொன்னார்:

"பூனையை நம்பி வரேல்லை தம்பி. நீ இறங்கினதைப் பார்த்துத்தான் வந்தனான்."

நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

அன்று கிபிர் வரவில்லை. வீரம்மா அம்மாவின் மடியில் நித்திரை கொண்டு, எழும்பி, சோம்பல் முறித்து, படியேறிப் போன பிறகுதான் நாங்கள் வெளியே வந்தோம்.