ஓடு பிரித்த வீடு

"ஏட்டி செல்லத்தாயி! ஒரு எலி செத்ததுக்கா ஊரக் கூட்டுவ?"

சங்கிலிப்பாண்டி போட்ட சத்தத்தில் மம்சாபுரம் நடுத்தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

கோபம் வராமல் என்ன செய்யும்? எட்டு நாளில் மகளுக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சுக்கூடத்திலிருந்து முந்தாநாள்தான் பத்திரிகைக் கட்டு வந்தது. ஒன்றைக்கூட இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், தன் வீட்டில் எலி செத்து விழுந்தது என்று சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம் பிளேக் என்று ஒரு மாதமாகப் பேச்சு. எலி செத்து விழுந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். சொன்னால் தெருவையே காலி செய்யச் சொல்வார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால், எங்கள் வீட்டு எலிகளெல்லாம் சௌக்கியம் என்பதுபோல நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் ஞானராஜ் நாலு ஆட்களோடு வந்தார்.

"எலி விழுந்த வீட்டுக்கும் அதை ஒட்டின வீட்டுக்கும் ஓடு பிரிக்கணும். உள்ள வெயில் இறங்கணும். தெருவுல இருக்கிற எல்லாரும் மூணு வாரம் தோப்புலதான்."

"எம் வீட்டுல எலியே கிடையாதுங்கேன்!" என்றார் சங்கிலிப்பாண்டி.

"பகல்ல, ஆளக் கண்டும் ஓடாம, தள்ளாடிக்கிட்டு எலி வந்துச்சா?"

"இல்ல."

"தெள்ளுப்பூச்சி கடிக்குதா?"

"கிடையவே கிடையாது!" என்று கணுக்காலைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

ஓட்டைப் பிரித்தார்கள். அவர் வீட்டு நெல் குலுக்கைக்குப் பின்னால் மூன்று எலிகள் செத்துக் கிடந்தன.

"பாத்தியளா! அம்புட்டும் இவ வீட்டுல இருந்து வந்தது!"

தெரு முழுக்க ஆமாம் போட்டது. செல்லத்தாய்க்காகப் பேச யார் இருக்கிறார்கள்? புருஷன் பட்டாளத்தில். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"சத்தமில்லாமத் தூக்கி வீசத் தெரியாதாட்டி? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"வீசுனா எலிதான் போகும், அண்ணே. அதுல இருக்க பூச்சி போகாது. ரெண்டு வீட்டுலயும் புள்ளைக இருக்கு" என்றாள் அவள்.

பதில் பேசிவிட்டாளாம்! அவள் வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்துவிட்டுத்தான் தோப்புக்குப் போனார் மனுஷன்.

நாலாம் நாள், மாப்பிள்ளையின் அப்பா சுயம்புலிங்கம் ராஜபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சங்கிலிப்பாண்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே தோப்பில் செல்லத்தாய் போட்டிருந்த ஓலைக் குடிசைக்குப் போனார்.

"மறைக்காமச் சொல்லும்மா. மொத எலி எந்த வீட்டுல விழுந்துச்சு?"

சங்கிலிப்பாண்டிக்கு வேர்த்து ஊற்றியது.

செல்லத்தாய் கல்யாணப் பெண் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எங்க வீட்டுலதான்யா" என்றாள்.

சுயம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்படின்னா சரி. பொண்ணு வீட்டுலதான் மொதல்ல விழுந்துச்சுன்னா, இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். கல்யாணத்த அடுத்த மாசம் வச்சுக்கிடுவோம்."

அவர் வண்டி ஏறியதுமே சங்கிலிப்பாண்டிக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"கேட்டியளா? அவ வாயாலேயே சொல்லிட்டா! இவளால எம் மக கல்யாணம் தள்ளிப் போச்சு!"

மூன்று வாரம் கழித்துத் தெரு வீடு திரும்பியது. ஒரு குழந்தைக்குக்கூடக் காய்ச்சல் இல்லை. அதை யாரும் பேசவில்லை. யார் வீட்டில் எத்தனை ஓடு உடைந்தது என்றுதான் பேசினார்கள். சங்கிலிப்பாண்டி ஆள் வைத்துப் புது ஓடு வேய்ந்துகொண்டார். செல்லத்தாய் வீட்டுக்குப் பாதி ஓடு, பாதி பனையோலை.

புதுப் பத்திரிகை அடிக்க மனசு வரவில்லை அவருக்கு. பழையதிலேயே தேதியை மையால் அடித்துத் திருத்தினார். ஒவ்வொன்றுக்கும் செல்லத்தாய்க்கு ஒரு வசவு. எல்லா வீட்டுக்கும் கொடுத்தார், அவள் வீட்டைத் தவிர.

கல்யாணத்துக்கு முதல் நாள், அவர் மனைவி கருத்தம்மா முந்தானைக்குள் ஒரு பத்திரிகையை மறைத்துக்கொண்டு வந்தாள்.

"அவியளுக்குத் தெரியாமக் கொண்டாந்திருக்கேன், செல்லத்தாயி. உன் வீட்டு எலியால எங்களுக்கு எம்புட்டு அவமானம்! இருந்தாலும் நான் மனசுல வைக்கல, உன்ன மன்னிச்சுட்டேன். நாளைக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

மன்னிச்சுட்டேன் என்ற அந்த ஒரு சொல்தான். தோப்பில் தெருவே காறித் துப்பியபோதும் பொறுத்துக்கொண்டவளுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. நீட்டிய பத்திரிகையை அவள் தொடவில்லை.

"எனக்கு மொதல்லயே வந்துருச்சு மதினி, பழைய தேதியோட. அண்ணன் அதுலதான் அந்த மொத எலியச் சுத்தி எங்க வீட்டு முத்தத்துல வீசிருந்தாவ."