விருதுக்கு என்ன பேர்?

“மண்ணு அள்ளுனதுக்கு சுற்றுச்சூழல் விருது குடுங்க. சமாதான விருது குடுக்கக் கூடாது.”

சின்னச்சாமி மறுபடியும் மேஜையைத் தட்டினார். டீ சிந்தியது.

எனக்கு எரிச்சல். ஆனையூரில் எங்கள் சங்கம் வருஷத்துக்கு ஒருவருக்கு சமாதான விருது கொடுக்கும். போன வருஷம் மேடையில் புறா பறக்கவிட்டவருக்குக் கொடுத்தோம். அப்போது இந்த ஆள் கைதட்டினார்.

“ஏன் சார், கண்மாய் பூரா கருவேலம் மண்டிக் கிடந்தப்ப, ரெண்டு ஊரும் தண்ணிக்கு வெட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. முத்திருளன் ஆள் சேர்த்துத் தூர்வாருனார். இந்த வருஷம் ரெண்டு ஊரும் ஒண்ணா இறங்கி மீன் பிடிச்சிருக்கு. இதைவிட என்ன சமாதானம் வேணும்?” என்றார் வசுந்தரா டீச்சர்.

“தண்ணி வந்துச்சு. அம்புட்டுதான்.”

“அதே ஷீல்டுதானே சார். பேர்ல என்ன இருக்கு?”

“பேருதான் கூடாதுங்கிறேன்.”

எனக்கு விளங்கிவிட்டது. கண்மாய்க்கு மேற்கே சின்னச்சாமி ஊர். கிழக்கே முத்திருளன் ஊர். டவுனுக்கு வந்து பிள்ளைகளைக் காலேஜ் வரை படிக்கவைத்தும் ஊர்ப்பகை போகவில்லை.

“யோவ், எதிரூர்க்காரன் மேடை ஏறுனா ஒனக்கு வயிறெரியுது. ஒத்துக்கயேன்யா.”

சொல்லிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினேன்.

“சமாதான விருதுக்குச் சம்மதம்னா கை தூக்குங்கப்பா.”

அவரைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். முடிந்தது. பேனர் அடிக்கச் சொல்லக் கிளம்பினேன்.

மாடிப்படியில் சின்னச்சாமி வந்து கையைப் பிடித்தார்.

“அண்ணே, அவன் செஞ்சது சமாதானந்தான். நான் இல்லேங்கல. ஆனா அப்பிடிப் போட்டா, என்ன சண்டைன்னு எவனாவது மைக்ல சொல்லுவான்.”

“சொல்லட்டுமே. ஒனக்கென்ன?”

“என் பயலுக ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமையானா முத்திருளன்கூடத்தான் தூர்வாரப் போறானுக. சித்தப்பா, சித்தப்பான்னு உசிர விடுறானுக.”

“அதுக்கு?”

“அவனுகளோட பெரியப்பன் கிணத்துல விழுந்து செத்தாருன்னுதாண்ணே சொல்லி வச்சிருக்கேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப, எப்பிடிச் செத்தாரு?”

சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“கண்மாய்ச் சண்டையில. எங்கண்ணனை வெட்டுனது முத்திருளனோட அப்பன்.”