பேசிக்கொண்டே பத்து நிமிடம்

நடைபாதையில் முதல் அடி வைத்துவிட்டாள். இரண்டாவது அடி வருவேனா என்றது.

சமதரைதான். கல் பாவிய நகராட்சிப் பூங்கா. எழுபது வயதுக்காரர்களெல்லாம் கையை வீசிக்கொண்டு போகிறார்கள். இவளுக்கு இருபத்தெட்டு. ஐந்தாம் மாதம்.

பயம். வேறொன்றுமில்லை.

போன தடவையும் ஐந்தாம் மாதம்தான். வியாழக்கிழமைச் சந்தைக்கு நடந்து போய், கீரையும் தக்காளியும் வாங்கிக்கொண்டு நடந்தே வந்தாள். அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றுகொண்டு முருகவேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"உன்னைய யாரு நடந்து போகச் சொன்னது?"

கேட்டவன் மறந்திருப்பான். கட்டிய புருஷன் வாயிலிருந்து வந்த சொல், கேட்டவளுக்கு மறக்குமா? இரண்டு வருடமாக நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது.

அதனால் இந்தத் தடவை, கர்ப்பச் சோதனை அட்டையில் கோடு இரண்டு விழுந்த நாளிலிருந்து கட்டிலே கதி. குளியலறைக்குப் போனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். தும்மலைக்கூட அடக்கிக்கொண்டாள்.

கால் வீங்கியது. சர்க்கரை எட்டிப் பார்த்தது. நேற்று டாக்டரம்மா பிடித்து விளாசிவிட்டார்.

ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நஞ்சுக்கொடி மேலே இருக்கிறதாம். பழைய சீட்டையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, போன பிள்ளை கிருமித் தொற்றால் போனது, சந்தைக்கு நடந்ததால் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

நாளையிலிருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். மெதுவாக. பேசிக்கொண்டே. பேச மூச்சு இருக்கிற வேகம் போதும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். வயிறு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, துளி ரத்தம் பட்டாலோ, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

முருகவேல் அப்போது வெளியே மருந்துக்கு வரிசையில் நின்றான். பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்பதை மட்டும் அவனிடம் சொன்னாள். சந்தை விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

இவனா பேசப்போகிறான்! பத்து வருடமாக விசைத்தறிப் பட்டறையில் நிற்கிறவன். அந்தச் சத்தத்தில் கையும் கண்ணும்தான் பேசும். வீட்டிலும் அதே பழக்கம்.

ஆனாலும் வந்துவிட்டான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் கையுமாக, பெண் பார்க்கப் போகிறவன்போல.

கையை நீட்டினான். பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது அடி விழுந்தது.

கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைத்ததைச் சொன்னாள். அவன் உம் கொட்டினான். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். அதற்கும் உம். சின்ன நாத்தனார் புது வண்டி எடுத்ததைச் சொன்னாள். அது அவனுக்கே தெரியும்.

நான்கு நிமிடத்தில் ஊர்க்கதை முழுவதும் தீர்ந்துபோயிற்று. கல்யாணமாகி ஐந்து வருடம், சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசுவதற்கு விஷயமில்லை. நல்ல குடித்தனம்.

எதிரே வந்த ஓர் அம்மாள் இவள் வயிற்றைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். இந்த மாதத்தில் இப்படியெல்லாம் நடக்கலாமா கண்ணு என்று கேட்டுவிட்டாள்.

போயிற்று. கால் அப்படியே நின்றது.

அவன்தான் பதில் சொன்னான்.

"டாக்டர் சொல்லித்தானுங்க நடக்கறோம்."

நடக்கறோமாம். யாருக்கு ஐந்தாம் மாதம் என்று கேட்கத் தோன்றியது. சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு காலை எடுத்து வைத்தாள்.

எடுத்து வைத்தவுடன், இரண்டு வருடமாக எடுக்காத பேச்சு வாயில் வந்தது. போன பிள்ளை நான் நடந்ததால் போகவில்லையாம் என்றாள். கிருமியாம். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சொன்னார் என்றாள்.

மூச்சு வாங்கவில்லை. குரல் தடுமாறவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

அவன் உம் கொட்டவில்லை.

தொண்டையைச் செருமினான்.

"அன்னிக்கு நான் அப்பிடிக் கேட்டது..."

நின்றான். மறுபடி ஆரம்பித்தான்.

"அன்னிக்கு நான்..."

அதற்கு மேல் வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. தோள் குலுங்கியது.

மறந்திருப்பான் என்றல்லவா நினைத்திருந்தாள், பைத்தியக்காரி!

அவன் இதுவரை அழுது அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. வெளியே தறிபோல் ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டு, உள்ளே இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்தாள். பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தாள்.

இன்னும் மூன்று நிமிடம் பாக்கி.

அவன் எழப் பார்த்தான். தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள்.

ஓர் அடி. பிடித்துக்கொள்ளக் கை இல்லை. சுவரும் இல்லை.

இன்னோர் அடி.

வேப்பமரம் வரை போனாள். அதைத் தாண்டியும் போனாள்.

வயிற்றில் இருப்பதோடு இந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசிப் பழகிவிட்டால், பிறகு தாங்க முடியாது என்று பயம்.

துப்பட்டாவுக்கு மேலே கையை வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கப்பனுக்கு மூச்சு வாங்குது சாமி. நாம ஒரு சுத்து போயிட்டு வந்தர்லாம்."