சொன்ன திசை

நூற்றெழுபது என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் தப்பு உறைத்தது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. விமானத்தைக் கிழக்கே தள்ளும். அப்படியானால் மூக்கை மேற்கே சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

கூட்ட வேண்டிய பத்து டிகிரியை அவள் கழித்துவிட்டாள்.

கீழே கடல். நேர் தெற்கே, நூற்றெண்பது டிகிரியில், எங்கோ ஒரு பாறைத் தீவு, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம். விமானத்தை அதன் தலைக்கு மேல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் இன்றைய பரீட்சை. ஓட்டுவது அவள் வேலை இல்லை. பயிற்சி தரும் விமானி கோயில்பிள்ளை முன்னிருக்கையில் ஓட்டுகிறார். பின்னால் உட்கார்ந்து வழி சொல்வதுதான் கடற்படையில் அவள் கற்க வந்த தொழில்.

ஏற்கெனவே ஒரு முறை தோற்றாயிற்று. இன்றும் தோற்றால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான்.

தப்பு என்று சொல்லிவிடலாமா?

வாயைத் திறந்தாள். அப்போதுதான் திசைகாட்டி கண்ணில் பட்டது.

நூற்றுத் தொண்ணூறு.

அவள் சொன்னது அதுவல்ல. ஆனால் சரியானது அதுதான்.

வாயை மூடிக்கொண்டாள்.

இதற்காகத்தானே இந்த ஒன்றாம் ஸ்குவாட்ரனைக் கேட்டு வாங்கினாள்! பயிற்சித் தளத்தில் இரண்டு ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள். எதில் சேரலாம் என்று மாணவர்கள் சாப்பாட்டு மேசையில் அலசாத நாள் இல்லை. ஒன்றாவதில் விமானிகள் தங்கமானவர்கள். நாம் உளறினாலும் ஓசைப்படாமல் சரியான பக்கம் திருப்பிவிடுவார்கள். இரண்டாவதில் இருப்பவர்கள் கல்நெஞ்சர்கள். சொன்னதைச் சொன்னபடியே ஓட்டுவார்கள். கிணற்றைக் காட்டினால் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிடுகிற ஆட்டோக்காரர்கள். தெரிந்தே யாராவது அங்கே போவார்களா?

அவளுடைய அறைத்தோழி மெர்லின் போனாள்.

"எனக்குத் தெரியலைன்னா, அது எனக்குத் தெரியணும்டீ" என்றாள்.

வந்துவிட்டாள் பெரிய ஞானி என்று இவள் கேலி செய்தாள். போன வாரம் மெர்லின் இதே பத்து டிகிரியில் சறுக்கினாள். தீவு வரவில்லை. தண்ணீருக்குப் பின்னால் தண்ணீர்தான் வந்தது. தோல்வியோடு திரும்பி வந்து, முகம் கழுவிக்கொண்டு, மறுபடி கணக்குப் போட உட்கார்ந்தாள்.

முன்னிருக்கையில் கோயில்பிள்ளையின் முதுகு மட்டும் தெரிந்தது.

பாறை வந்தது. மூக்குக்கு நேராக, அளவெடுத்து வைத்தது போல.

"கரெக்டா கொண்டாந்துட்டியேம்மா. பாஸுன்னு வச்சுக்கோ. திரும்பிப் போறதுக்குத் திசை சொல்லு."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. அந்தக் குரலில் குத்தல் இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அன்புதான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கு எவனோ ஒரு விமானி இவள் வாயை நம்பிக் கடலுக்கு மேல் போவான். அவனுக்குச் சரியான பதில் முன்கூட்டியே தெரிந்திருக்காது.

பென்சிலை எடுத்தாள். இனி வடக்கே போக வேண்டும். காற்று இன்னும் மேற்கிலிருந்துதான். இப்போது கழிக்க வேண்டும். இல்லை, கூட்ட வேண்டுமா? போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள்.

"முந்நூத்தம்பது, சார்."

விமானம் திரும்பச் சாய்ந்தது.

"சார்... இந்தத் தடவை நான் சொன்னபடியே ஓட்டுங்க. வரும்போது நான் சொன்னது தப்பு."

இயந்திரத்தின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"நீ வாய்விட்டுச் சொல்லிட்டா, நான் ஃபெயில்னு எழுதித்தான் ஆகணும்மா."

"எழுதுங்க, சார்."

சரியான திசைகளைக் குறித்துத் தொடையில் கட்டியிருந்த தன் வரைபடத்தை அவர் ஒரு கையால் அவிழ்த்தார். மடித்தார். திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாக அதை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.