விட்டுப்போன கல்யாணம்

‘இது ஒன்று மட்டும் விட்டுப்போனால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?’ என்று நினைத்தாள் பூவிழி. அப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

“என்னம்மா, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்ட? கம்ப்யூட்டர் தூங்கிடுச்சா, இல்ல நீ தூங்கிட்டியா?” என்றார் எதிரே இருந்த ஜெக்கரியா.

அவருக்குத் திருக்காட்டுப்பள்ளியில் ஸ்டுடியோ. தான் எடுக்கும் கல்யாணப் படங்களுக்கெல்லாம், பத்திரமாக இருக்கட்டும் என்று, தஞ்சாவூரில் பூவிழி வேலை பார்க்கும் கம்பெனியின் சர்வரில் ஒரு நகல் போட்டு வைப்பார். ரைஸ் மில், நர்ஸிங் ஹோம், பள்ளிக்கூடம் என்று இன்னும் பலருடைய நகல்களும் அதில் இருந்தன. இப்போது சர்வர் பழசாகிவிட்டது. ஒவ்வொருவருடையதையும் புது சர்வருக்கு மாற்றி, ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து உரியவரிடம் காட்டி, அவர் சரி என்றதும் பழசில் இருப்பதை அழிக்க வேண்டும். பூவிழியின் வேலை அது. ஜெக்கரியாவோடு இதுவரை போனில்தான் பேசியிருக்கிறாள். இன்றுதான் நேரில் வந்திருக்கிறார்.

அவருடைய கல்யாணங்கள் எல்லாம் மாறிவிட்டன. ஒன்றுதான் பாக்கி. ‘இளம்பரிதி - நீலாம்பாள்.’

“அதை விட்டுடும்மா. மத்ததெல்லாம் வந்துடுச்சுல்ல? நான் சரின்னுடறேன். பழசை அழிச்சுடு.”

“ஏன் சார், இது மட்டும்?”

“மாப்பிள்ளை சிங்கப்பூர்லேருந்து வந்திருக்காரு. கடைக்கே வந்து, இந்தப் படமெல்லாம் இல்லாமப் பண்ணிடச் சொல்லிக் கேட்டாரு. வேற இடத்துல பொண்ணு முடிவாயிருக்காம். தை மாசம் கல்யாணம்.”

“அப்ப இந்தக் கல்யாணம்?”

“அதான் நடக்கவே இல்லைங்கிறாங்களே!” ஜெக்கரியா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “நீலாம்பாள் கோர்ட்டுக்குப் போயிருக்கு. ஏழெட்டு வருஷம் முன்னாடி நடந்தது, ரிஜிஸ்டர் பண்ணாத கல்யாணம். ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுல மாட்டிக்கிச்சு. பொண்ணைத்தான் கட்டுன புடவையோட அனுப்பிட்டாங்களே.”

“உங்ககிட்ட வந்து படம் கேக்கலையா?”

“வந்துச்சு. மழையில கடைக்குள்ள தண்ணி புகுந்து கம்ப்யூட்டரே போச்சும்மான்னேன். பொய்யில்லையே, போச்சுதானே?”

“தஞ்சாவூர்ல ஒரு நகல் இருக்குன்னு சொன்னீங்களா?”

“அதை அது கேக்கலையே.”

ஜெக்கரியா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு மட்டும் ஆசையா? ஊர்ல கடை வச்சிருக்கவன் யாரைப் பகைச்சுக்க முடியும், சொல்லு. நாம என்ன வேணும்னேவா அழிக்கிறோம்? மாத்துறப்ப விட்டுப்போச்சு. மெஷின் பண்ண தப்பு.”

மெஷின் பண்ண தப்பு. பூவிழி அந்த வார்த்தையை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். எவ்வளவு வசதியான வார்த்தை! சாயங்காலம் வீட்டில் அதையே சொல்லிவிட்டு நிம்மதியாகத் தட்டின் முன் உட்காரலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நீலாம்பாள்தான், தன் கல்யாணம் நடந்தது நிஜம் என்று ஆயுசுக்கும் ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். சொல்லச் சொல்ல, கடைசியில் அவளுக்கே அது சந்தேகமாகிவிடாதா?

“மாப்பிள்ளை வீட்டுல எல்லாருமா சார் இதுக்குச் சம்மதிச்சாங்க?”

“அப்பா, அம்மா, தாய்மாமன், அத்தனை பேரும்! ஒருத்தர் பாக்கியில்ல. நடுவுல உனக்கு என்னம்மா சங்கடம்?”

பூவிழி மவுஸை நகர்த்தி ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது.

“ஏய், ஏய்! என்னம்மா பண்ற? நான் இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்? சுவத்துக்கிட்டயா?”

கோடு ஓடி முடிந்தது. புது சர்வரிலிருந்து ஒரு படத்தைத் திறந்து, மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

“நீங்க எடுத்ததுதான் சார். தெளிவா இருக்கா, பாத்துச் சொல்லுங்க.”

படத்தில் மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தான். நீலாம்பாளின் முதுகுக்குப் பின்னால் பாவாடை தாவணியில் ஒரு சின்னப்பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுத்த முடிச்சுக்காகக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள்.

ஜெக்கரியா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பூவிழியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இதை விட முடியாது சார்,” என்றாள் அவள், மெதுவாக. “எங்கண்ணன் போட்டது ஒரு முடிச்சுதான். மத்த ரெண்டும் நான் போட்டது.”